மூன்று வார இருமல், மூன்று மாத இருமல்

இருமலோடு மருத்துவரைப் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. சளி பிடித்த மூன்றாம் நாளே, "ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை எழுதுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்பவர் ஒருவர். பத்து வருடமாகக் காலையில் எழுந்ததும் கோழையைக் காறித் துப்பியே பழகிப்போய், இனி மாடிப்படி ஏற முடியாது என்ற நிலையில் வந்து நிற்பவர் இன்னொருவர். முன்னவருக்கு அவசரம், பின்னவருக்கு அளவு மீறிய பொறுமை. இருவருக்கும் மருத்துவர் சொல்லும் பெயர் பிராங்கைட்டிஸ், அதாவது மூச்சுக்குழாய் அழற்சி. ஆனால் இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒன்றில் மருந்தைவிட நாட்களே அதிகம் வேலை செய்கின்றன. மற்றதில் ஒவ்வொரு நாள் தாமதமும் நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எந்த இருமலுக்குப் பொறுத்திருக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது என்பதைப் பிரித்தறியச் சொல்லித் தருவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

தொண்டைக்குக் கீழே இறங்கும் பெருங்குழாய், நெஞ்சின் நடுவில் வலது, இடது என இரண்டாகப் பிரிகிறது. அங்கிருந்து தலைகீழாக நட்ட மரம்போலக் கிளை, சிறுகிளை, நுனிக்கிளை என்று சுமார் 23 முறை பிரிந்து, நுண்ணிய காற்றறைகளில் முடிகிறது. ரத்தத்தில் பிராணவாயு கலப்பது அந்தக் காற்றறைகளில்தான். மேலே உள்ள கிளைகள் காற்று வந்துபோகும் வழிகள். இந்த வழிகளின் உட்சுவர் வீங்கினால் பிராங்கைட்டிஸ். தொற்று கீழே இறங்கிக் காற்றறைகளில் நீரும் சீழும் கோத்துக்கொண்டால் நிமோனியா. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பது, முக்கியமாக இந்த இரண்டையும் பிரித்தறியத்தான்.

குழாய்களின் உட்சவ்வில் கோழை சுரக்கும் சுரப்பிகளும், கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்களும் இருக்கின்றன. மூச்சோடு உள்ளே போகும் தூசியும் கிருமியும் கோழையில் ஒட்டிக்கொள்ளும். நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அதைத் தொண்டைவரை தள்ளிவிடும். நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். வைரஸ் தொற்றினால் சவ்வு வீங்குகிறது, நுண்மயிர்கள் உதிர்கின்றன, கோழை பெருகுகிறது. துப்புரவு வேலை முழுவதும் இருமலின் தலையில் விழுகிறது. வைரஸ் சில நாட்களில் அடங்கிவிடும். உரிந்த சவ்வு வளரவும், நுண்மயிர்கள் மீண்டும் முளைக்கவும் வாரக்கணக்கில் ஆகும். காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் விடாததற்குக் காரணம் இதுதான்.

திடீர் அழற்சியின் நாள் கணக்கு

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் அதிகம் வருவது, மூன்றாம் நாளே வந்து நிற்பவருக்கு உள்ள திடீர் அழற்சி. மழையோ பனியோ நேரடிக் காரணம் இல்லை. சாதாரண ஜலதோஷ வைரஸ், இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி., அடினோ, கொரோனா வகைகள் என்று ஏதாவது ஒரு வைரஸே காரணம். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்திருக்கும் காலத்தில் அவை எளிதாகப் பரவுகின்றன.

முதல் இரண்டு மூன்று நாள் மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, உடம்புவலி, லேசான காய்ச்சல். அடுத்து வறட்டு இருமல். பிறகு கோழை வரும். முதலில் வெள்ளையாக, போகப்போக மஞ்சளாகவோ பச்சையாகவோ. இருமி இருமி விலாவும் வயிற்றுத் தசையும் வலிக்கும். சிலருக்கு நெஞ்சில் 'உய்ங்' என்று விசில் சத்தமும் கேட்கும். முதல் வாரக் கடைசியில் உடம்பு தேறிவிடும். இருமல் மட்டும் தங்கிவிடும்.

எத்தனை நாள் தங்கும்? அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் பொதுமக்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஏழிலிருந்து ஒன்பது நாள் என்று பெரும்பாலும் பதில் வந்தது. நோயாளிகளைக் கவனித்துச் செய்த பல ஆய்வுகளின் சராசரியோ ஏறத்தாழ 18 நாள். இந்தப் பத்து நாள் இடைவெளியில்தான் அத்தனை தவறுகளும் நடக்கின்றன. எட்டாம் நாள் இருமல் நிற்கவில்லை என்றதும் மருந்து மாற்றுகிறோம், மருத்துவரை மாற்றுகிறோம். பதினாறாம் நாள் தானாக நின்ற இருமலுக்கு, கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரைக்குப் புகழ் போய்ச் சேர்கிறது.

ஆன்டிபயாடிக் யாருக்கு?

திடீர் அழற்சியில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அதைச் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இருமல் குறைவது சுமார் அரை நாள்தான். அந்த அரை நாளுக்கு விலை வயிற்றுப்போக்கு, குமட்டல், சிலருக்கு ஒவ்வாமை. அதைவிடப் பெரிய விலை, நாளை உண்மையான நிமோனியா வரும்போது அதே மருந்து கேட்காமல் போவது.

"சளி பச்சையா வருது, இன்ஃபெக்‌ஷன்தானே?" என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களில் இயல்பாகவே பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அந்த அணுக்கள் கோழையில் கலந்து மடியும்போது அதன் நிறம் மாறுகிறது. வைரஸ் தொற்றிலும் இது நடக்கும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டியதில்லை.

தேவைப்படுபவர்களும் உண்டு. நிமோனியா இருப்பதாகப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ தெரிந்தவர்கள், கக்குவான் இருமல் உள்ளவர்கள், பின்னால் சொல்லப்போகும் நாட்பட்ட நோய் திடீரென்று முற்றியவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள். இதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். போன முறை மீந்த அட்டையைத் தேடி எடுப்பதும், மருந்துக்கடையில் பெயர் சொல்லி மூன்று மாத்திரை வாங்குவதும் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஓய்வு, வெதுவெதுப்பான நீராகாரம், நல்ல தூக்கம் மூன்றும் அடிப்படை. கஞ்சி, ரசம், சுக்குக் காபி எதுவானாலும் சரி. கோழை இறுகாமலிருக்க நீர் போக வேண்டும். இதயநோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், வேளைக்கு வேளை ஆறு மணி நேர இடைவெளி. கல்லீரல் நோய் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜலதோஷத்துக்கென்று விற்கும் பல கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிப்பாகும்.

இரவு இருமலுக்குத் தேன் நல்ல மருந்து. படுக்கப்போகும் முன் ஒரு தேக்கரண்டி தேனை அப்படியே சாப்பிடலாம், வெதுவெதுப்பான நீரில் கலந்தும் குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள் அதையும் கணக்கில் வைக்க வேண்டும். தலையணையைச் சற்று உயர்த்திப் படுத்தால் இருமல் தணியும். தொண்டைக் கரகரப்புக்கு உப்புநீர்க் கொப்பளிப்பு.

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு கொஞ்ச நேரம் இளகும். நெஞ்சுக்குள் இருக்கும் அழற்சியை அது ஆற்றாது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரும் பழக்கத்தால் தீக்காயம் பட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற குழந்தைகள் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம்.

கஷாயங்களில் ஆடாதோடைக்குத் தனி இடம் உண்டு. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்தே புரோம்ஹெக்சின் என்ற கோழை இளக்கி மருந்து உருவாக்கப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் அம்ப்ராக்சால் அதன் வழித்தோன்றல். ஆனால் ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. அதிமதுரத்தை அளவு தெரியாமல் நாள்கணக்கில் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இயற்கை மருந்து என்பதால் அளவு பார்க்க வேண்டாம் என்றில்லை.

இருமல் சிரப்புகளால் பெரும்பாலும் பெரிய பலன் இல்லை. பல பாட்டில்களில் இருமலை அடக்கும் மருந்தும் கோழையை வெளியேற்றும் மருந்தும் ஒன்றாகவே இருக்கும்; ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். சிலவற்றில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் கலந்திருப்பதால் குடித்தபின் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். வாங்கும் முன் மூலப்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும், அல்லது மருத்துவர் எழுதியதை மட்டும் வாங்க வேண்டும்.

தயிர், வாழைப்பழம், பால் ஆகியவை சளியை உண்டாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஒத்துக்கொள்ளாதவர் தவிர்க்கலாம். பசியில்லாமல் கிடக்கும் குழந்தையிடமிருந்து அவற்றைப் பறிக்க வேண்டாம்.

குழந்தை உள்ள வீட்டில்

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளங்குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். நாக்கில் தடவுகிற வழக்கமும் இதில் அடங்கும்.

குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது பல வீடுகளில் வழக்கம். தலை ஈரம் காயத்தானே என்பார்கள். அந்தப் புகை குழந்தையின் குறுகிய மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். சளி இருக்கும் குழந்தைக்கு இரட்டைத் தீங்கு. துண்டால் துடைத்தாலே போதும். கற்பூரம் கலந்த எண்ணெயையோ தைலத்தையோ இரண்டு வயதுக்குள் மூக்கிலும் நெஞ்சிலும் தடவ வேண்டாம். கற்பூரம் உடலில் ஏறினால் வலிப்பு வரும்.

சிரப் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவிலும், 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நச்சு கலந்த சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் சேர்ந்த ஜலதோஷக் கூட்டுமருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் சொல்லிவிட்டது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், ஜலதோஷ மருந்துகளே வேண்டாம், ஐந்து வயதுவரையும் பொதுவாகத் தேவையில்லை என்பது மத்திய சுகாதாரத் துறை 2025-இல் விடுத்த அறிவுரை. அக்காள் பிள்ளைக்குக் கேட்ட மருந்து நம் பிள்ளைக்கும் கேட்கும் என்று கைமாற்றிக்கொள்வதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

குழந்தைக்கு ஆபத்தா என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் காத்திருக்க நேரமில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

பெரியவர்களில் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுமை காட்டாதீர்கள்.

• உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறுவது.
• ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுவது, நாடி 100-ஐத் தாண்டுவது.
• காய்ச்சல் மூன்று நான்கு நாளுக்கு மேல் நீடிப்பது, அல்லது விட்ட காய்ச்சல் குளிர் நடுக்கத்தோடு திரும்ப வருவது.
• மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் ஒரு பக்கத்தில் குத்துவது.
• கோழையில் ரத்தம்.
• உதடும் நகமும் நீலம் பாய்வது, நினைவு தடுமாறுவது.
• வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால், ஓய்வில் அளவு 94-க்குக் கீழே போவது. (விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சோ மருதாணியோ இருந்தாலும் கருவி தவறாகக் காட்டலாம்.)

வயதானவர்களுக்கு நிமோனியாவில் காய்ச்சலே இல்லாமல் போகலாம். சாப்பாடு குறைந்து, பேச்சு குழறி, படுக்கையிலேயே கிடந்தால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். 108 ஆம்புலன்சைக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டினால்

திடீர் அழற்சியின் இருமல் மூன்று வாரம்வரை போகலாம். ஆனாலும் இந்தியாவில் இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. இரண்டும் முரண் போலத் தோன்றலாம். பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இராது. இருப்பவருக்கு அது உயிரைக் காக்கும், வீட்டில் மற்றவருக்குப் பரவாமலும் தடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் பரிசோதனை, சிகிச்சை இரண்டும் இலவசம். விவரம் கேட்க 1800-11-6666. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு சேர்ந்திருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சளியில்லாத வறட்டு இருமல் மாதக்கணக்கில் நீண்டால் மருந்து டப்பாவையும் திறந்து பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு இப்படிப்பட்ட இருமலைத் தரும். மருத்துவரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. இரவிலும் விடியற்காலையிலும் விசில் சத்தத்தோடு வரும் இருமல் ஆஸ்துமாவாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்ததும் வருவது நெஞ்செரிச்சலின் விளைவாக இருக்கலாம். வருடத்துக்கு மூன்று நான்கு முறை 'பிராங்கைட்டிஸ்' வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது கண்டுபிடிக்கப்படாத ஆஸ்துமா.

பொறுக்கக் கூடாத இருமல்

இனி அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன இரண்டாமவரிடம் வருவோம். ஒரு வருடத்தில் மூன்று மாதமாவது பெரும்பாலான நாட்களில் கோழையோடு இருமல், அதுவும் தொடர்ந்து இரண்டு வருடம், வேறு காரணம் எதுவும் இல்லை என்றால் அது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. இங்கே வில்லன் வைரஸ் இல்லை, புகை. வருடக்கணக்கில் புகை பட்டுப்பட்டுச் சுரப்பிகள் பருத்துவிடுகின்றன, நுண்மயிர்கள் குட்டையாகிச் செயலிழக்கின்றன, குழாய்ச் சுவர் தடித்துப் பாதை குறுகுகிறது. குறுகிய பாதை முழுதாக விரியாத நிலைக்குப் போய்விட்டால் அதை சி.ஓ.பி.டி. என்கிறோம்.

பீடி, சிகரெட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சிகரெட்டைவிட பீடி மென்மையானது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பீடி அடிக்கடி அணையும். அணையாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். தீங்கில் அது கொஞ்சமும் குறைந்ததல்ல.

வாழ்க்கையில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. காற்றோட்டமில்லாத சமையற்கட்டில் முப்பது நாற்பது வருடம் விறகடுப்பை ஊதியவர்கள் இவர்கள். சுள்ளி, வரட்டி, தென்னை மட்டை எதை எரித்தாலும் புகை ஒன்றுதான். சமையல் எரிவாயு இணைப்பு வந்த பிறகும், சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகையே எரிக்கும் வீடுகள் ஏராளம்.

கொசுவர்த்திச் சுருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று மலேசியா, சீனாவில் விற்கும் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் இரவு முழுவதும் படுப்பதைவிடக் கொசுவலை எவ்வளவோ மேல். நூற்பாலைப் பஞ்சு, கல்குவாரித் தூள், செங்கல் சூளைப் புகை, அரிசி ஆலைத் தவிடு என்று தொழிலோடு வரும் தூசிகள் தனி. வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு வரும் பஞ்சுநோயின் அடையாளம். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் அந்த ஒரு காலை, இந்த நோயாளிகளில் பலருக்கு ஒரு வாரப் படுக்கை.

ஊதிப் பார்க்கும் பரிசோதனை

சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எப்படியோ, மூச்சுக்கு ஸ்பைரோமெட்ரி அப்படி. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு குழாயில் முழு பலத்தோடு ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பாதை நிரந்தரமாகக் குறுகியிருக்கிறது என்று பொருள். ஊசி இல்லை, வலி இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியின் நெஞ்சகநோய்ப் பிரிவிலோ கேளுங்கள். 40 வயதைக் கடந்தவர், புகை பிடித்தவர் அல்லது புகையில் வேலை செய்தவர், தினமும் கோழை வருபவர் என்றால் மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பது நிம்மதிக்குப் போதாது; தொடக்கநிலை நோய் எக்ஸ்ரேயில் தெரியாது.

முதல் மருந்து: புகையை விடுதல்

இந்த நோயின் வேகத்தைக் குறைக்கப் புகையை விடுவதைப்போல வேறு எதுவும் உதவாது. கெட்டுப்போன பகுதி திரும்பாது. ஆனால் விட்ட நாளிலிருந்து, நுரையீரல் தேய்கிற வேகம் ஏறக்குறைய மற்றவர்களின் அளவுக்கு இறங்கும். ஐம்பது வயதில் விட்டாலும், அறுபதில் விட்டாலும் லாபம்தான். விட்ட முதல் சில வாரம் இருமல் கூடலாம். நுண்மயிர்கள் மீண்டும் வேலை தொடங்கிவிட்டன என்பதே அதற்கு அர்த்தம். 'விட்டதும்தான் இருமல் ஜாஸ்தியாச்சு' என்று மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. நிக்கோட்டின் சூயிங்கமும் மாத்திரைகளும் உதவும்.

விறகடுப்பைத் தவிர்க்கவே முடியாத வீட்டில், அடுப்பைத் திறந்த வெளிக்கு மாற்றுங்கள், அல்லது மேலே புகைபோக்கி வையுங்கள். காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள். இருமல்காரரையும் குழந்தையையும் அந்த நேரத்தில் அங்கே உட்கார வைக்காதீர்கள்.

இன்ஹேலர் பயம்

"இன்ஹேலர் போட்டா பழகிடும், கடைசிவரை விட முடியாது" என்ற பேச்சு எத்தனையோ பேருக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். அதே மருந்தை இன்ஹேலரில் இரண்டு முறை அழுத்தினால் வருவது 200 மைக்ரோகிராம், இருபதில் ஒரு பங்கு. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் குறைந்த அளவே போதும். நீண்ட நாள் தேவைப்படுவது நோய் நீண்ட நாள் இருப்பதால்; மருந்துக்கு அடிமையாவதால் இல்லை.

மருந்து வேலை செய்யவில்லை என்பவர்களில் பலருக்குக் குறை இருப்பது முறையில். அழுத்தும் வகை இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். உள்ளிழுத்த மூச்சைப் பத்து விநாடி அடக்குங்கள். அடுத்ததற்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். ஒருங்கே செய்ய வராதவர்கள் ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்திக்கொண்டால் எளிது. கேப்சூல் போடும் வகையில் இதற்கு நேர்மாறு. வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். அந்தக் கேப்சூலை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். அது மாத்திரை அல்ல. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலம் படரும்.

கோழையை வெளியேற்ற, மூச்சை மிச்சப்படுத்த

ஓயாமல் இருமுவதால் களைப்புதான் மிச்சம். நிமிர்ந்து உட்கார்ந்து நாலைந்து முறை நிதானமாக ஆழ்ந்து மூச்சு விடுங்கள். பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல 'ஹா' என்று இரண்டு மூன்று முறை பலமாக வெளியே தள்ளுங்கள். கோழை மேலே வந்ததும் ஒரே இருமலில் துப்பிவிடலாம்.

மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து இரு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள். குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். படியேறும்போதும் குடம் தூக்கும்போதும் இதே முறை உதவும். மூச்சு வாங்குகிறதே என்று நடையை நிறுத்திவிட்டால் கால் தசை சுருங்கி, அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். முடிந்த தூரம் தினமும் நடக்க வேண்டும். வருடம் ஒருமுறை இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி, மருத்துவர் சொல்கிறபடி நிமோகாக்கல் தடுப்பூசி இரண்டும் இவர்களுக்கு அவசியம்.

மூச்சு வாங்குவது வழக்கத்தைவிடக் கூடினாலோ, கோழை பெருகினாலோ, அதன் நிறம் மாறினாலோ நோய் முற்றுகிறது என்று அர்த்தம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாதாரண சளியில் பொருட்படுத்த வேண்டாம் என்று சொன்ன அதே நிறம், இவர்களுக்கு முக்கியமான தகவல். வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் எண் குறைகிறதே என்று தாமாக அளவைக் கூட்டக் கூடாது. இந்த நோயில் பொதுவாக 88 முதல் 92 வரை இருந்தால் போதும். அதிக ஆக்சிஜன் சிலருக்குக் கரியமில வாயுவை உடலில் தேங்க வைத்து மயக்கத்தில் தள்ளும்.

இவ்வளவையும் ஒரு முடிவாகச் சொல்லலாம். ஜலதோஷத்தோடு வந்து, காய்ச்சல் விட்டு, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் இருமலுக்கு மூன்று வாரம் கொடுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் மாதக்கணக்கில் தங்கும் இருமலை 'வயசு இருமல்', 'பீடி இருமல்' என்று பெயர் வைத்து வீட்டில் வளர்க்காதீர்கள். வயது யாருக்கும் கோழையைத் தருவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி இருமுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரமே அவரை ஸ்பைரோமெட்ரிக்கு அழைத்துப் போங்கள்.